மச்சானின் டர்போ

அந்த வெள்ளிக்கிழமை மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, அஸ்ஸானின் வெள்ளை லேண்ட்குரூசர் மூக்கு மேட்டின் நுனியில் போய் நின்று ஹாரன் அடித்தது. கீழே நின்ற நானூறு ஐந்நூறு பேரில் கைதட்டாதவன் ஹாரிப் ஒருவன்தான். கையில் கஹ்வா காபிக் கோப்பை இருந்தது, அதனால் தட்ட முடியவில்லை என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பித்யா ஊருக்குத் தெற்கே மணல்காடு தொடங்குகிற இடத்தில் நிற்கும் மணல்மேட்டுக்குத்தான் மூக்கு என்று பெயர். குளிர்காலம் வந்துவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் சுற்றுவட்டாரத்து வண்டிகள் எல்லாம் அதன் அடியில் வந்து கூடும். மணலில் புதையாதபடி டயரில் காற்றை இறக்கிவிட்டு, ஒவ்வொருவராக எடுத்த எடுப்பில் முடுக்கி ஏறுவார்கள். பெரும்பாலானவர்கள் மேட்டின் இடுப்பிலேயே திணறித் திரும்பிவிடுவார்கள். பதினோரு வருடமாகத் தன் வீட்டு வண்டியிலேயே மற்ற எல்லோரையும்விட மேலே போனவன் ஹாரிப். அவனும் நுனியைத் தொட்டதில்லை. முப்பதடி கீழே வரை போயிருக்கிறான். ஆனால் அந்த முப்பதடியை வேறு எவனும் தொடவில்லை என்பதால், தேநீர்க் கடையில் அவன் நுழைந்தால் இரண்டு பேர் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். அது போதுமாக இருந்தது அவனுக்கு.

மற்றபடி அவன் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். மணலுக்குள் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கும் ஒட்டகப் பட்டிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவதுதான் இருபது வருடமாகப் பிழைப்பு. நாற்பத்திரண்டு வயது, நான்கு பிள்ளைகள். மூத்தவன் பெயர் ஸஹ்ரான் என்பதால் ஊரில் அவன் அபு ஸஹ்ரான்.

அஸ்ஸான் அவன் மனைவி ஸுவைனாவின் தம்பி. எண்ணெய் வயலில் வேலை, இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் ஊரில். முப்பது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளாதவன் சம்பளத்தை எல்லாம் வண்டியில் கொட்டுகிறான் என்று ஹாரிப் பலமுறை சிரித்திருக்கிறான். இப்போது அந்த வண்டி ஒரு டர்போவைப் பூட்டிக்கொண்டு வந்து, மூன்றாவது முயற்சியிலேயே நுனிக்குப் போய் நின்றுவிட்டது.

அஸ்ஸான் இறங்கி வந்ததும் ஹாரிப்பைத்தான் முதலில் தேடி வந்தான். மூக்கோடு மூக்கு மூன்று தடவை தொட்டு வாழ்த்திக்கொண்டார்கள்.

"மாஷா அல்லாஹ். நல்லா ஏறினே," என்றான் ஹாரிப்.

"எல்லாம் உங்க ஆசீர்வாதம் மச்சான்."

அதைக் கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூட ஹாரிப் பொறுத்திருப்பான். அவன் உண்மையாகவே சொன்னான். அடுப்பில் வெந்துகொண்டிருந்த இறைச்சிக் குச்சிகளில் ஒன்றை எடுத்துக் கடித்தான் ஹாரிப். வாய்க்குள் மண் போல இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அங்கே ஸுவைனா போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலில் டர்போவின் விசில், பிறகு கியர் மாற்றும்போது ச்சூ என்று காற்றுச் சீறல், பிறகு ஊர்ப் பெண்களின் குலவை. முடிந்ததும் மறுபடியும் போட்டாள்.

"எப்படி ஏறினான் பாத்தியா!"

"பாத்தேன். அங்கதானே நின்னேன்."

"நின்னே. கஹ்வா குடிச்சுக்கிட்டு நின்னே. வீடியோவுலயே தெரியுது."

ஹாரிப் தலைப்பாகையை அவிழ்த்து ஆணியில் மாட்டினான். வயிறு எரிந்தது. இறைச்சி சரியாக வேகவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் முழுக்க, தண்ணீர் நிரப்பும் நிலையத்தில் லாரித் தொட்டி நிரம்புகிற அரைமணி நேரமும் அவன் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. யாரோ எந்த நாட்டிலோ என்ஜினைப் பிரித்துக் காட்டினார்கள். யாரோ சூப்பர்சார்ஜர்தான் சரி என்றார்கள், யாரோ டர்போதான் ஆண்பிள்ளைக்கு என்றார்கள். தொட்டி நிரம்பி வழிந்து, பின்னால் நின்ற லாரிக்காரன் திட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஹாரிப் ஒருவரிடமும் சொல்லாமல் இப்ராவுக்குப் போனான்.

இப்ரா தொழிற்பேட்டையில் தாத் கரீமின் பட்டறை. பலூச்சிக்காரன். ஷார்ஜாவில் பத்து வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். எதைக் கேட்டாலும் கையைத் துடைத்துக்கொண்டுதான் பதில் சொல்வான்.

"டர்போ நல்லதா, சூப்பர்சார்ஜர் நல்லதா?"

தாத் கரீம் கையைத் துடைத்தான். "டர்போ புகையில ஓடுறது. என்ஜின் வெளிய தள்ற புகை ஒரு சக்கரத்தச் சுத்தும், அது காத்த உள்ள அமுக்கும். புகை சேர்ற வரைக்கும் நீ காத்துக்கிட்டு இருக்கணும். சேர்ந்துட்டா நெருப்பு மாதிரி இழுக்கும். சூப்பர்சார்ஜர் பெல்ட்டுல ஓடுறது. என்ஜின் சுத்தினா அதுவும் சுத்தும், கால வச்ச உடனே கிடைக்கும். ஆனா என்ஜின் பலத்துல கொஞ்சத்த அதுவே தின்னுடும். உச்சியில டர்போ அளவுக்கு வராது."

"அப்ப டர்போதான் பெருசு."

"எது பெருசுன்னு ஏன் கேக்கறே? எதுக்கு எதுன்னு கேளு. வண்டிய எங்க ஓட்டுவே?"

"மூக்குல."

"மூக்கு வருஷத்துக்கு எத்தன நாள்? மிச்ச நாள் யாரு ஓட்டறா?"

மிச்ச நாள் ஸுவைனா ஓட்டுகிறாள். அவள் அம்மாவின் வீடு மணலுக்குள் முப்பது கிலோமீட்டர். வாரத்துக்கு இரண்டு தடவை பார்லி மூட்டையையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய் வருகிறவள் அவள்தான்.

"அப்ப சந்தேகமே இல்ல. சூப்பர்சார்ஜர் போடு. சின்னச் சின்ன மேடு, பள்ளம், விட்டு விட்டு மிதிக்கிற ஓட்டம். அதுக்கு இதுதான். என்ஜினையும் பிரிக்க வேண்டாம்."

ஹாரிப் தலையாட்டினான். ஒவ்வொரு வார்த்தையும் சரி என்று அவனுக்குத் தெரிந்தது. பிறகு கேட்டான்:

"அஸ்ஸான் என்ன அளவு போட்டிருக்கான்?"

தாத் கரீம் துணியைக் கீழே வைத்தான். "நீ வண்டிக்கு மருந்து கேக்க வந்தியா, உனக்கா?"

அளவைத் தெரிந்துகொள்ள அஸ்ஸானின் வீட்டுக்கே போனான் ஹாரிப். பொறாமைப்படுகிறவனுக்கு எதிராளி கொஞ்சம் கஞ்சனாகவோ கர்வியாகவோ இருந்துவிட்டால் பாதிப் பாரம் குறையும். அஸ்ஸான் இரண்டும் இல்லை. பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, கஹ்வாவும் ஈச்சம்பழமும் கொண்டுவர உள்ளே போனான். அவன் முதுகு மறைந்ததும் ஹாரிப் குனிந்து, டர்போவின் உடம்பில் பொறித்திருந்த எண்ணைப் போனில் படம் எடுத்தான். நிழல் விழுந்து எண் தெரியவில்லை. மறுபடி எடுத்தான்.

"ஃப்ளாஷ் போட்டு எடுங்க மச்சான், நிழல்ல தெரியாது," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்ஸான் நின்றான். "அறுபத்திரண்டு மில்லிமீட்டர் சக்கரம். உங்களுக்கு வேணும்னா நான் வாங்கின இடத்துலயே சொல்றேன், விலை கொறச்சுக் குடுப்பான்."

"சும்மா பாத்தேன்," என்றான் ஹாரிப். காது மடல் சூடானது. தட்டில் இருந்த ஈச்சம்பழத்தை அவன் தொடவே இல்லை.

மறுநாளே தாத் கரீமிடம் போய், "எழுபத்தாறு," என்றான்.

"என்ன எழுபத்தாறு?"

"டர்போ. எழுபத்தாறு மில்லி."

"அபு ஸஹ்ரான், அது நேர் ரோட்டுல பந்தயம் ஓட்டறவன் போடற சாமான். உன் ஆறு சிலிண்டர் என்ஜின் அத எழுப்பறதுக்குள்ள மேடு முடிஞ்சு போயிருக்கும்."

"அவனுது அறுபத்திரண்டு."

"தெரியும்."

"எனக்கு எழுபத்தாறு."

தாத் கரீம் கையைத் துடைத்தான். "சரி. வண்டி உன்னுது. ஒரே ஒரு உதவி செய். எந்தப் பட்டறையில போட்டதுன்னு கேட்டா என் பேரச் சொல்லாத."

விருந்தாளிகளை உட்காரவைக்கும் கூடத்துக்குக் கூரை மாற்ற வைத்திருந்த பணம் அதில் போனது. வேலை முடிய ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வெள்ளிக்கிழமைகளில் ஊரில் இருந்தபோதெல்லாம் அஸ்ஸான் மூக்கில் ஏறினான், ஹாரிப் கீழே நின்று பார்த்தான். விசில் மேலே போகப் போக இவன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான். ஒருமுறை அஸ்ஸானின் வண்டி இடுப்பில் சறுக்கித் திரும்பியது. ஹாரிப்பின் மனம் துள்ளியது. அடுத்த முயற்சியிலேயே அது மேலே போய் நின்றது.

ஹாரிப்பின் வண்டி தயாரான வெள்ளிக்கிழமை, செய்தி அவனுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. வழக்கத்தைவிட அதிகக் கூட்டம். எழுபத்தாறு, எழுபத்தாறு என்று பையன்கள் வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹாரிப் டயரில் காற்றை இறக்கினான். வண்டியைப் பின்னுக்கு எடுத்து, மூக்கைப் பார்த்து நிறுத்தி, பிஸ்மில்லாஹ் சொல்லி மிதித்தான்.

வண்டி இழுக்கவில்லை. டர்போவின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக உள்ளே பிஸ்டன்களையும் காற்றைக் குறைவாக அமுக்குகிறவையாக மாற்றியிருந்தார்கள். அதனால் காற்று சேராத நேரத்தில் என்ஜினுக்குப் பழைய பலமும் இல்லை. மேட்டின் அடிவாரத்தைச் சோம்பலாகத் தொட்டு, இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறியது. மெல்ல விசில் பிறந்தது, உயர்ந்தது. வந்துவிட்டது என்று நினைத்து மூன்றாவது கியருக்கு மாற்றினான். கிளட்சை மிதித்த நொடியில் சேர்த்த காற்றெல்லாம் சீறி வெளியே போய்விட்டது. வண்டி தலையைத் தொங்கப்போட்டது. முழு மிதி மிதித்தான். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, பிறகு திடீரென்று எல்லாம் ஒரேயடியாக வந்தது. நான்கு சக்கரமும் பேய் பிடித்தது போலச் சுற்றி, மணலைத் தோண்டி, வண்டி வயிறு வரை புதைந்து நின்றது. மேட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஏறியிருக்கவில்லை. டர்போவே இல்லாத காலத்தில் அவன் தூங்கிக்கொண்டே ஏறிய உயரம் அது.

கீழே கூட்டத்திலிருந்து யாரோ கத்தினான்:

"அபு ஸஹ்ரான்! மூக்கு உன்னத் தும்மிடுச்சு!"

மலைபோல எழுந்தது சிரிப்பு. அஸ்ஸான் இழுவைப் பட்டையோடு வந்து, மண்டியிட்டு மணலைக் கையால் அள்ளி, வண்டியை வெளியே இழுத்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை.

"மொத நாள் எனக்கும் இப்படித்தான் மச்சான் ஆச்சு."

அப்படி ஆகவில்லை. முதல் நாள் மூன்றாவது முயற்சியில் அவன் நுனிக்குப் போனதை ஊரே பார்த்தது. தன் மனம் நோகக்கூடாது என்பதற்காக இவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தபோது, கூட்டம் சிரித்ததைவிட அதுதான் ஹாரிப்பைக் குத்தியது.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. வண்டி ஸுவைனாவிடம் இருந்தது. ஒரு வியாழக்கிழமை அவள் அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். முகத்திரையைக்கூடக் கழற்றாமல் நேராக வந்து, சாவியை அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"இந்த வண்டிய நான் இனிமே தொட மாட்டேன்."

"என்னாச்சு?"

"ஏற வேண்டிய இடத்துல செத்த பொணம் மாதிரி கெடக்குது. எறங்க வேண்டிய இடத்துல எகிறிக் குதிக்குது. பின்னால ஏத்தியிருந்த ஆட்டுக்கு மூட்டு பிசகிடுச்சு. சின்னவன் தலையில வீங்கியிருக்கு பாரு. யாரக் கேட்டு இத மாட்டினே?"

"உன் தம்பியுது மட்டும் நல்லா இருக்கா?"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஸுவைனா முகத்திரையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"அதுதானா? ரெண்டு மாசமா உன் மூஞ்சி காடி மாதிரி புளிச்சுக் கெடந்தது அதுக்குத்தானா?"

ஹாரிப் சோற்றைப் பிசைந்தான்.

"அவன் எதுக்கு அத வாங்கினான்னு நினைக்கறே? பதினோரு வருஷமா நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போவான். போய் எங்கம்மாகிட்ட உக்காந்து புலம்புவான். 'அந்த ஆளு டயர் காத்த எவ்வளவு எறக்கறாரு, அக்காகிட்ட கேட்டுச் சொல்லும்மா.' எங்கம்மா எங்கிட்ட கேப்பா. நீ ஏறுன ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் அங்க போய்ச் சாப்பிடாமப் படுத்துக்குவான்."

"நெசமாவா?"

"நெசமா."

"நீ சொன்னியா? காத்து எவ்வளவுன்னு?"

"சொல்லல."

"ஏன்?"

"உனக்கு வாக்கப்பட்டவ நான். இது ஒரு கேள்வியா?"

ஹாரிப் ஒரு பிடி சோற்றை வாயில் போட்டான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சோறு ருசித்தது. தன் பொருட்டு ஒருவன் பதினோரு வருடம் சாப்பிடாமல் படுத்திருக்கிறான் என்பது எவ்வளவு இனிப்பான செய்தி! இதற்குச் சந்தோஷப்படக் கூடாது என்று தோன்றியது. ஆனாலும் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அடுத்த வாரம் இப்ராவுக்கு அவளும் கூட வந்தாள். பட்டறை வாசலில் நின்ற ஒரு வண்டியில் சூப்பர்சார்ஜர் பூட்டியிருந்தது. அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். பின்பக்க மண் மேட்டில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு வந்து, கண்ணாடியை இறக்கி தாத் கரீமிடம் கேட்டாள்:

"பாதி மிதிச்சா எவ்வளவு வரும்? முழுசா மிதிக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது."

தாத் கரீம் கையைத் துடைக்கக்கூட மறந்துவிட்டான். "இந்தக் கேள்விய இவரு கேப்பாருன்னு நான் ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டிருந்தேன், உம்மு ஸஹ்ரான். பாதி மிதியிலதான் இதோட அழகே இருக்கு."

பெரிய டர்போவைச் சூர் நகரத்திலிருந்து வந்த ஒருவன் பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனான். அவனுக்கும் ஒரு மச்சான் இருந்திருக்க வேண்டும். பழைய பிஸ்டன்களைத் திரும்பப் போட்டு, சூப்பர்சார்ஜரைப் பூட்டி, அளவான அழுத்தத்தில் நிறுத்திக் கொடுத்தான் தாத் கரீம். அதிகம் வேண்டும் என்று ஹாரிப் வாயைத் திறந்தான். ஸுவைனா திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

குளிர்காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமைகளில் ஒன்றில் மறுபடி மூக்குக்குப் போனான். வண்டி கால் வைத்ததும் எழுந்தது. கியர் மாற்றியும் தளரவில்லை. பழைய முப்பதடியைத் தாண்டி, நுனிக்குப் பன்னிரண்டு அடி கீழே வரை போய் மூச்சு வாங்கி நின்றது. ஊர் கைதட்டியது, யாரும் தும்மலைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவனுக்கு அடுத்து அஸ்ஸானின் விசில் கிளம்பி, அந்தப் பன்னிரண்டு அடியையும் கடந்து மேலே போனது. ஹாரிப் நின்று பார்த்தான். எரிச்சல் போகவில்லை. கொஞ்சம் தணிந்திருந்தது, அவ்வளவுதான். பல்வலி குறைந்து ஒரு மந்தமான வலியாக நிற்குமே, அப்படி.

அன்றைக்குக் கூட்டம் கலைகிற நேரத்தில் ஸுவைனா பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, பக்கத்திலிருந்த பெரிய மணல் குழிக்குள் வண்டியை இறக்கினாள். குழியின் சுவரோடு சாய்ந்து வட்டமடித்தாள். வண்டி மணலை வாரி வீசியது. ஏறவேண்டிய இடத்தில் ஒரு சிறு மிதி, திரும்ப வேண்டிய இடத்தில் ஒரு சிறு விடுதல். பெல்ட்டின் மெல்லிய கீச்சொலி மட்டும் கேட்டது. மூன்று சுற்று முடித்து, குழியின் விளிம்பில் பூனை மாதிரி ஏறி நிறுத்தினாள். உள்ளே பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹாரிப்பும் அஸ்ஸானும் பக்கம் பக்கமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அக்கா எப்பக் கத்துக்கிட்டா இதெல்லாம்?" என்றான் அஸ்ஸான்.

"எங்கிட்ட கேக்கறியா? உங்க வீட்டுப் பொண்ணு."

"என் வண்டிய அந்தக் குழியில என்னால அப்படி ஓட்ட முடியாது மச்சான்."

"என்னாலயும்தான்," என்றான் ஹாரிப். தன் வண்டியில் தனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைக்கிறதே என்று ஒரு நொடி சுருக்கென்றது. அஸ்ஸானின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அங்கேயும் அதே சுருக்கு.

அடுத்த குளிர்காலத்தில் அல்காமில் ஊரிலிருந்து ஒருவன் வந்தான். எட்டு சிலிண்டர், இரண்டு டர்போ. முதல் முயற்சியிலேயே மூக்கின் நுனியைத் தாண்டி மறுபக்கம் இறங்கிவிட்டான், ஹாரன் கூட அடிக்கவில்லை. கூட்டம் பைத்தியம் பிடித்தது போல அவனைத் தூக்கிக்கொண்டாடியது. அஸ்ஸான் தன் வண்டியின் கதவில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். அந்த முகத்தில் என்ன ஓடுகிறது என்று ஹாரிப்புக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அதைப் பார்க்க அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அஸ்ஸான் வாசலில் வந்து நின்றான். "தாத் கரீம்கிட்ட ஒரு வேலை இருக்கு மச்சான். கூட வாங்களேன்."

பாதி வழியில் அவன் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "எழுபத்தாறு... சரியான டியூனிங் பண்ணினா, என் என்ஜின்ல ஓடுமா? உங்களுக்கு என்ன தோணுது?"

"போடு, நல்லா ஓடும்" என்ற மூன்று வார்த்தை ஹாரிப்பின் நாக்கு நுனிவரை வந்து நின்றது. இப்ரா ஊர்ப் பலகை கடந்தது. பெட்ரோல் நிலையம் கடந்தது. தொழிற்பேட்டைக்குத் திரும்பும் ரவுண்டானாவில் அஸ்ஸான் வேகத்தைக் குறைத்தபோதுதான் ஹாரிப் வாயைத் திறந்தான்.

"போடாதடா," என்றான். "நான் போட்டுப் பாத்தவன் சொல்றேன். வேணாம்."

அஸ்ஸான் ரவுண்டானாவை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தான். இன்னொரு சுற்றும் சுற்றினான். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான்.

"அறுபத்தாறு?" என்றான்.

"அத தாத் கரீம்கிட்ட கேப்போம். மொதல்ல ரோட்டப் பாத்து ஓட்டு," என்றான் ஹாரிப்.